மே மாதம், மாந்தோப்பில் வரவேற்பு: வெயிலுக்குத் தாங்கும் கல்யாணக் கேக் எது?

லத்தேரிப் பெண் எழுதியது:

மே மூன்றாவது வாரம் எனக்குக் கல்யாணம். நாலு மணிக்கு வேலூரில் ஆலயத்தில் ஆராதனை. ஆறு மணிக்கு லத்தேரிப் பக்கம் தாத்தாவின் மாந்தோப்பில் வரவேற்பு. "அக்னி நட்சத்திரத்தில் யாராவது தோப்பில் கல்யாணம் வைப்பார்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை இங்கே யாரும் மறுபடி கேட்க வேண்டாம். அவை தாத்தா தன் கையால் நட்ட மரங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தையே திருப்பி வாங்கிவிட்டார், இனி அவரிடம் பேசிப் பயனில்லை.

இப்போது கவலை எல்லாம் கேக்தான். அம்மாவுக்குத் தன் கல்யாண ஆல்பத்தில் இருப்பது போலவே வேண்டுமாம். மூன்று அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் தூண்கள், உச்சியில் பொம்மை ஜோடி, மேலிருந்து கீழ்வரை வெள்ளை. போன வருடம் சித்தப்பா பெண்ணுக்கு இதே மே மாதத்தில் திறந்த வெளியில் அப்படித்தான் ஒன்றை வைத்தார்கள். ஆயர் ஜெபம் தொடங்கும்போது மூன்று அடுக்கும் இருந்தது. கொஞ்சம் நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மேல் அடுக்கு பொம்மைகளையும் கூட்டிக்கொண்டு சரிந்துகொண்டிருந்தது. கேக் செய்த கடையைக் கேட்டால் வெயிலைக் கை காட்டினார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

எனக்கு வழக்கமான கேக்கே வேண்டாம். யோசித்து வைத்திருப்பவை இவை. ஆற்காடு மக்கன் பேடாவைக் கோபுரம் மாதிரி அடுக்கினால் எப்படி இருக்கும்? பிரெஞ்சுக்காரர்கள் கல்யாணத்தில் வைக்கும் கிரோக்கம்பூஷ் என்ற ஒன்றை வீடியோவில் பார்த்தேன், கிரீம் அடைத்த சின்னப் பன்களைச் சர்க்கரைப் பாகால் ஒட்டிக் கூம்பாக நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஐஸ்கிரீம் கேக் என்கிறார்கள். தம்பி தர்பூசணியை மூன்று அடுக்காகச் செதுக்கி வைக்கலாம் என்கிறான், அவன் கிண்டல் செய்கிறானா நிஜமாகச் சொல்கிறானா என்று தெரியவில்லை.

விருந்தினர் ஏறக்குறைய 250 பேர். மாப்பிள்ளை வீட்டார் நாசரேத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் இரண்டு மேசைக்காவது இருப்பார்கள். தோப்பில் மின்சாரம் உண்டு, ஜெனரேட்டரும் சொல்லியாயிற்று, ஆனால் ஃபிரிட்ஜ் கிடையாது. கத்தி வைத்து வெட்ட ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா ஆலயத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். யாராவது வழி சொல்லுங்கள்.

ஆம்பூர் பாய் எழுதியது:

கேக் எதற்கம்மா? பிரியாணி தேக்சாவைத் தோப்பு நடுவில் வைத்து, தம் உடைக்கும்போது இரண்டு பேரையும் சேர்ந்து மூடியைத் தூக்கச் சொல்லுங்கள். வாசனை லத்தேரி ரயில் நிலையம் வரை போகும்.

சரி, விளையாட்டு போகட்டும். எங்கள் வீடுகளில் நோன்பு மாதம் முழுக்கக் கடல்பாசி போடுவோம். பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றித் தட்டில் உறைய வைத்துத் துண்டு போடுவது. நோன்பு கோடையில் வந்த வருடங்களிலும் அது தட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேக் செய்கிறவர்கள் யாராவது இதைப் பற்றிச் சொல்லட்டும்.

சத்துவாச்சாரி அடுப்படி எழுதியது:

வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறவள் நான். மே மாதத்தில் திறந்த வெளிக்கு என்று யாராவது கிரீம் கேக் கேட்டால் அன்றைக்கு ஊரில் இல்லை என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து தானே வரும்.

வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். பட்டர் கிரீம் அதற்கும் வெகு முன்னாலேயே, 27, 28 டிகிரியிலேயே தொளதொளத்துவிடும். சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும். மே மாதத்தில் நம் ஊர் பகலில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கும் மரத்தடியில் காற்று 35க்குக் கீழே இறங்கியிருக்காது. ஆக உன் சித்தப்பா பெண்ணின் கேக்கைத் தள்ளிவிட யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். கடைகளில் போடுகிற விப்பிங் கிரீம் பால் கிரீமைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். ஃபாண்டன்ட், அதாவது தேய்த்த சர்க்கரைப் போர்வை, போர்த்தினால் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஃபிரிட்ஜில் வைத்த ஃபாண்டன்ட் கேக்கை வெளியே எடுத்துப் பார், மேலெல்லாம் நீர் பூத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதற்குள்ளே இருக்கிற கிரீமோ உருகி வயிறு தள்ளி நிற்கும்.

ஃபிரிட்ஜ் இல்லையே என்று நீ வருத்தப்படுகிறாய். நான் அதை நல்லது என்பேன். ஃபிரிட்ஜை நம்பி நிற்கிற எதையும் தோப்புக்குக் கொண்டு போகாதே. உருக எதுவுமே இல்லாத பண்டமாகத் தேடு.

இப்போது உன் பட்டியல். ஐஸ்கிரீம் கேக்கை விட்டுவிடு, பேசவே வேண்டாம். கிரோக்கம்பூஷில் மேலே இருக்கிற பாகு நம் ஊர் காய்ந்த வெயிலைத் தாங்கிவிடும். சென்னை என்றால் அதுகூட முடியாது, ஈரக் காற்றில் பாகு ஒழுகும். எனக்குப் பயம் உள்ளே இருக்கிற கிரீம்தான். பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சியது, அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 250 பேரின் வயிற்றோடு விளையாடாதே. தர்பூசணி தம்பி சொன்னதில் பாதி சரி. உருகாது, சரிந்தும் விழாது. ஆனால் செதுக்கியதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், தோப்பில் உள்ள தேனீ எல்லாம் மேசைக்கு வந்துவிடும். வாசலில் வெட்டித் தட்டில் கொடு, நுங்கும் கொடு, ஜனங்கள் வாழ்த்துவார்கள்.

ஆம்பூர் பாய் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம். ஜெலட்டின் போட்ட புட்டிங் 35 டிகிரிக்குள் தண்ணீராகிவிடும். கடல்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் ஏறக்குறைய 85 டிகிரி வரை உருகாது. வெயிலால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பால் ஊற்றிச் செய்தால் உருகாமலே கெட்டுப்போகும். இளநீரில் செய்து ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். பந்திக்கு அது நன்றாக இருக்கும், அடுக்கிக் கேக் ஆக்க முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. மாப்பிள்ளை வீடு நாசரேத் என்கிறாய். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களைச் சம்பந்தம் செய்துகொண்டு உருகாத இனிப்பை இங்கே வந்து தேடுகிறாயா? மக்ரூன் தெரியுமல்லவா? முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் கலந்து, சின்னச் சின்னக் கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்துக் காயவைத்தது. வெண்ணெய் கிடையாது, கிரீம் கிடையாது, மைதாவும் கிடையாது. அதற்கு ஒரே எதிரி ஈரம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நாள் கணக்கில் மொறுமொறுவென்று இருக்கும். அதை அடுக்கிக் கோபுரமாக நிறுத்து. நார்வே, டென்மார்க் பக்கம் கல்யாணத்தில் கிரான்சகாக்கே என்று ஒன்று வைப்பார்கள், பாதாம் மாவு, சர்க்கரை, வெள்ளைக்கரு மூன்றையும் சேர்த்துச் சுட்ட வளையங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக மேலே மேலே அடுக்கியது. நீ வைக்கப் போவது அதற்கு முந்திரித் தங்கச்சி.

செய்முறை: அடி 20 சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர் வருமாறு அட்டைக் கூம்பு ஒன்று. மேலே பட்டர் பேப்பர். ராயல் ஐசிங்கை, அதாவது வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் அடித்ததை, பசையாக வைத்து அடியிலிருந்து வட்டம் வட்டமாக ஒட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். கோபுரத்துக்கு ஒன்றரைக் கிலோ மக்ரூன் பிடிக்கலாம். உடைகிறதற்கென்று இன்னும் ஒரு கிலோ சேர்த்துச் சொல். விருந்தினருக்குக் கொடுப்பது தனிக் கணக்கு. தோப்புக்கு வந்த பிறகு ஒட்டாதே, ஆராதனைக்கு முன் மதியமே ஒட்டிக் காயவைத்துவிடு. எடுத்து வரும்போது பெரிய பாலித்தீன் உறை போட்டு மூடு, மணமக்கள் மேடை ஏறும்போது பிரி.

மக்ரூனைக் கத்தியால் வெட்ட முடியாது, தூளாகிவிடும். வெட்டுவதற்கு இரண்டு கிலோவில் பழக் கேக் ஒன்று செய்துகொள். அம்மாவிடம் இதைச் சொல்: 1840இல் விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு வைத்த வெள்ளைக் கேக் ஏறக்குறைய 300 பவுண்டு எடை. உள்ளே இருந்தது கனமான பிளம் கேக்தான், மேலே இறுகிய சர்க்கரைப் பூச்சு. அந்தக் காலத்து வெள்ளைக் கேக் கிரீம் கேக்கே இல்லை. திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஊறிய கேக்கின் மேல் முந்திரியும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்த மார்சிபான் ஒரு சுற்று, அதன் மேல் ராயல் ஐசிங். எலும்பு மாதிரி இறுகிவிடும். வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே அம்மாவின் ஆசை? பழத்தை இப்போதே ஊறப்போடு. எதில் ஊறவைப்பது என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் வாய் திறக்க மாட்டேன்.

பழைய வடஆற்காட்டான் எழுதியது:

எங்கள் மக்கன் பேடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விட்டார் சத்துவாச்சாரி அம்மா. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாக வெட்டினார்கள். மக்கன் பேடா ராணிப்பேட்டைக்குப் போயிற்று, பிரியாணி திருப்பத்தூருக்குப் போயிற்று, வேலூருக்குக் கத்திரி வெயிலும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும்தான் மிச்சம். அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ.

இருந்தாலும் கோபுரம் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பேடா கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் பருப்பு வகைகளை வைத்து, பொரித்து ஜீராவில் ஊறியது. நாக்கில் வைத்தால் உடைகிற பதம்தான் அதற்கு அழகு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கீழே இருப்பது பிதுங்கிவிடும். கெட்டியாகச் செய்யச் சொல்லி அடுக்கினால் அது பேடாவே இல்லை, குலாப் ஜாமூனுக்கு அண்ணன். சின்ன மண் கிண்ணத்தில் ஆளுக்கு ஒன்று, ஜீராவோடு கொடுங்கள். முட்டை சாப்பிடாத இரண்டு மேசைக்கும் வழி பிறந்தது. அன்று காலையில் போட்டதாக இருக்க வேண்டும், முந்தின நாள் சரக்கை வாங்காதீர்கள். கோவா இந்த வெயிலில் சீக்கிரம் புளிக்கும்.

மக்ரூன் கோபுரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பல் இல்லாதவர்களின் கதியையும் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

லத்தேரிப் பெண் எழுதியது:

அடுப்படி அக்கா, நான் ஆறு மாதமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், நிச்சயத்துக்கு வந்த மக்ரூன் டப்பாவில் இப்போது தையல் ஊசி போட்டு வைத்திருக்கிறோம், இருந்தும் இது தோன்றவே இல்லை. அவருடைய அத்தைக்கு நேற்று ராத்திரியே போன் செய்தேன். "எத்தனை கிலோம்மா?" என்று மட்டும்தான் கேட்டார். ஏன், எதற்கு என்று எந்தக் கேள்வியும் இல்லை. நம் பக்கத்தில் இப்படி ஒரு அத்தையைக் காட்டுங்கள் பார்க்கலாம். பஸ்ஸில் மடியில் வைத்தாவது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்னும் முழுசாகச் சரி சொல்லவில்லை. விக்டோரியா ராணிக் கதையைச் சொன்னேன். "அவளுக்கு மூன்று அடுக்கா?" என்று கேட்டார். பழக் கேக்கையே இரண்டு அடுக்காகச் செய்யலாமா அக்கா? தூண் இல்லாமல்?

தாத்தா பழம் எதில் ஊற வேண்டும் என்பதில் மிகத் தெளிவாக இருக்கிறார். பாட்டி அதைவிடத் தெளிவாகத் திராட்சை ரசம் என்கிறார்.

குடியாத்தம் பந்தல்காரன் எழுதியது:

கேக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பந்தல் போடுவேன், லைட்டும் போடுவேன். அதை வைத்துச் சில விஷயம் சொல்கிறேன்.

தகரக் கொட்டகையோ பிளாஸ்டிக் ஷாமியானாவோ போட்டால் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ஆறு மணிக்கு மேல் உங்கள் தலையில் கொட்டும். தென்னங்கீற்று போடச் சொல்லுங்கள். செலவு கூட வரும், ஆனால் கீழே நின்றால் வித்தியாசம் தெரியும். மே மாதம் சூரியன் மறைய ஆறரை ஆகிவிடும். ஆறு மணிக்கு வரவேற்பு என்றால் அரை மணி நேரம் சாய்வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். மேடையை அந்தப் பக்கம் முதுகு காட்டுகிற மாதிரி வையுங்கள், பின்னால் கீற்றுத் தட்டி முழு உயரத்துக்குக் கட்டுங்கள்.

அதைவிட முக்கியம் கோடை மழை. மே மாதத்தில் பகல் முழுக்க வெந்து சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டுவது நம் பக்கம் சகஜம். மழைக்கு முன்னால் ஒரு காற்று வரும் பாருங்கள், அதுதான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் கோபுரம் உள்ளே வெறும் அட்டைக் கூம்பு என்றால் காற்றுக்கு நிற்காது. கூம்புக்குள் மணல் மூட்டை வையுங்கள், அடியில் பலகை கொடுத்து ஆணி அடித்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்தால் அடுத்தது ஈசல். எத்தனையோ வரவேற்பில் பார்த்தாயிற்று, மேடையில் இருக்கிற வெள்ளை ஃபோகஸ் லைட்டுக்கு மொத்தக் கூட்டமும் வரும், இறக்கையை உதிர்க்கும், லைட்டுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதில் விழும். லைட்டுக்குக் கீழே பெரும்பாலும் கேக்தான் இருக்கும், வீடியோகாரர் அப்படித்தான் வைக்கச் சொல்வார். நீங்கள் கேக் மேசைக்கு மஞ்சள் விளக்கு கேளுங்கள். நல்ல வெள்ளை லைட் இரண்டை மேடையிலிருந்து தள்ளித் தோப்பு ஓரத்தில் கட்டச் சொல்லுங்கள், பூச்சி அங்கே போகும்.

மாமரம் என்றால் கட்டெறும்பும் முசுடும் கட்டாயம் இருக்கும். மேசையை மரத்தில் சாய்க்காதீர்கள், கிளையும் துணியும் தொடக் கூடாது. நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம்.

சத்துவாச்சாரி அடுப்படி எழுதியது:

பந்தல்காரத் தம்பி சொன்னதில் மணல் மூட்டையை அப்படியே எடுத்துக்கொள். நான் காற்றை யோசிக்கவில்லை, என் வேலை எல்லாம் மண்டபத்துக்குள்தான். மணலைக் கூம்பின் அடிப் பாதியில் மட்டும் வை, மேலே வேண்டாம். ஈரமில்லாத மணலாகப் பார், உறையில் கட்டி வை.

மழை மேகம் கூடினால் இன்னொரு தொல்லை உண்டு. காற்றில் ஈரம் ஏறிவிடும், மக்ரூன் ஒரு மணி நேரத்தில் பதம் இறங்கி மெத்தென்று ஆகும். அப்போது உறையைப் பிரிக்காதே, படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் பிரி. மெத்தென்று ஆனாலும் ருசி கெடாது. வடஆற்காட்டு ஐயா கேட்ட பல் பிரச்சினையும் தீர்ந்தது என்று வைத்துக்கொள்.

பழக் கேக் இரண்டு அடுக்கு தாராளமாக வைக்கலாம். கீழே இரண்டு கிலோ, மேலே ஒரு கிலோ. ஒன்றின் மேல் ஒன்று நேரடியாக, நடுவில் மெல்லிய அட்டை, கீழ் அடுக்குக்குள் நாலு மரக் குச்சிகள் செங்குத்தாகச் செருகினால் பாரத்தை அவை வாங்கிக்கொள்ளும். வெட்டுவது கீழ் அடுக்கை மட்டும். ராயல் ஐசிங் இறுகினால் ரிப்பன் கட்டிய வெள்ளிக் கத்தி உள்ளே இறங்காது, போட்டோவில் இரண்டு பேரும் விறகு பிளப்பது மாதிரி விழுவீர்கள். ஐசிங் அடிக்கும்போது கிலோவுக்கு ஒரு ஸ்பூன் கிளிசரின் சேர்த்தால் கத்தி இறங்குகிற அளவுக்கு இளகியிருக்கும். சமையலுக்கான கிளிசரினா என்று பார்த்து வாங்கு. பச்சை வெள்ளைக்கரு வேண்டாம் என்றால் மெரிங்க் பவுடர், அதாவது காயவைத்த வெள்ளைக்கருத் தூள், கிடைக்கிறது, அதைக் கரைத்தும் அடிக்கலாம்.

அப்புறம், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் இரண்டு குடும்பத்திலும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு வை. மக்ரூன், கேக் இரண்டிலும் முந்திரி இருக்கிறது.

லத்தேரிப் பெண் எழுதியது:

கேட்டுவிட்டேன். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருவர், மாப்பிள்ளையின் நண்பர், ஐஸ்கிரீம் கேக் யோசனை சொன்னவரே அவர்தான். அவருக்கு நுங்கு.

மக்ரூன் ஏழு கிலோ என்று அத்தையிடம் சொல்லியாயிற்று, கோபுரத்துக்கும் ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலத்துக்கும் சேர்த்து. பேடா ஆற்காட்டில் அன்று காலை எடுக்க மாமா ஒப்புக்கொண்டார். பந்தல்கார அண்ணா, கீற்றுக்கு உங்களிடமே விலை கேட்கிறேன், தனிச் செய்தி பாருங்கள். இரண்டு அடுக்குக்கு அம்மா சம்மதித்துவிட்டார், பொம்மை ஜோடி மேலே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் கல்யாணத்தில் வைத்த அதே ஜோடி, பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தோம், மாப்பிள்ளைப் பொம்மைக்கு ஒரு கை இல்லை. அடுப்படி அக்கா, ராயல் ஐசிங்கில் கை ஒட்டுமா?

சத்துவாச்சாரி அடுப்படி எழுதியது:

ஒட்டும். முந்தின நாள் ராத்திரியே ஒட்டிவிடு.